கிறிஸ்துமஸ் தட்டு யார் வீட்டுக்குப் போகுது?

டிசம்பர் வந்துட்டா பாட்காஸ்ட் பண்றவங்க எல்லாருக்கும் ஒரு கேக் எபிசோட் கடமை மாதிரி ஆயிடுச்சு. ரம்முல திராட்சை எத்தனை நாள் ஊறணும், எந்த பேக்கரில கியூ அதிகம், இந்த மாதிரி. நம்ம எபிசோடும் சாப்பாட்டைப் பத்திதான். ஆனா புதுச்சேரி டவுனை விட்டு வெளிய வந்துடுவோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்துக் கிராமங்கள். சின்னப் பிள்ளைங்க இருக்கிற வீட்ல கிறிஸ்துமஸ் பலகாரம் எப்படி நடக்குது, அது தட்டுல ஏறி எந்தெந்த வீட்டுக்குப் போகுது, எந்த வீட்டுக்குப் போகாது. இந்தக் கடைசி விஷயத்துக்காகத்தான் இந்த எபிசோடே.

முதல்ல கேக்கை முடிச்சிடுறேன். இந்தியாவுல கிறிஸ்துமஸ் கேக்னா எல்லாரும் தலச்சேரி கதையைத்தான் சொல்வாங்க. 1883-ல மாம்பள்ளி பாபு ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிக்காகச் சுட்டுக் குடுத்த கேக். புதுச்சேரிக்கு அதைவிட்டுத் தனியா ஒண்ணு இருக்கு: விவிகம் கேக். மைதாவுக்குப் பதிலா ரவை, நிறைய வெண்ணெய், முட்டை, ரம்முல ஊறின திராட்சை, முந்திரி. பிரெஞ்சுப் பழக்கம் பாதி, நம்ம ரவை கேசரி பாதின்னு எனக்குத் தோணும். அருமையான கேக். ஆனா அது டவுன் வீடுகளோட கேக், சொல்தா குடும்பங்களோட கேக். பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கினவங்களை எங்க ஊர்ல சொல்தான்னுதான் சொல்வாங்க. எங்க ஆயா வீடு பாகூர் பக்கம். அங்க வெண்ணெயும் இல்ல, அவனும் இல்ல. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ஒரு இரும்புச் சட்டி, விறகடுப்பு. அதனால அங்க கிறிஸ்துமஸ்னா அதிரசம், அச்சு முறுக்கு, குல்குல், சுத்து முறுக்கு.

இந்த ஊர்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். வில்லியனூர்ல லூர்து மாதா கோயில் இருக்கு. பிரான்ஸ்ல லூர்து நகர்ல மாதா காட்சி கொடுத்ததா சொல்றது 1858. அங்கிருந்து சுரூபம் வில்லியனூருக்கு வந்தது 1877. இருபது வருஷம்கூட ஆகல, யோசிச்சுப் பாருங்க, கப்பல் காலத்துல அது எவ்ளோ வேகம்! கோயிலுக்கு முன்னாடி குளம். இந்து, முஸ்லிம்னு எல்லாரும் வந்து தண்ணி எடுத்துட்டுப் போவாங்க. அதே ஊர்ல திருக்காமீஸ்வரர் கோயில். அந்தத் தேரை பிரெஞ்சு கவர்னர் வடம் பிடிச்சு இழுத்திருக்கார், இன்னைக்கு வரைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறாங்க. பாகூர்னா ஏரி, நெல்லு. புதுச்சேரியோட நெற்களஞ்சியம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க.

இந்த நெல்லுல ஒரு விஷயம் இருக்கு. யாரும் கவனிக்கிறதில்ல. சம்பா அறுவடை தை மாசம். கிறிஸ்துமஸ் மார்கழி பத்துக்குப் பக்கத்துல வருது. அதாவது பொங்கல் அறுவடைப் பண்டிகை. கிறிஸ்துமஸ் அறுவடைக்கு முந்தின பண்டிகை. காசு எல்லாம் இன்னும் வயல்ல நிக்குது. கூலி வேலை செய்ற வீடுகளுக்கு நடவு முடிஞ்சு அறுப்பு வராத இடைவெளி. அதோட வடகிழக்குப் பருவமழை. முறுக்கு சுட்டு டப்பால போட்டா ரெண்டு நாள்ல நமத்துப் போகும். இவ்ளோ கஷ்டத்துலயும் அந்தச் சட்டி அடுப்புல ஏறும்னா, அது சும்மா ருசிக்காக மட்டும் இல்ல.

அதிரசத்தை எடுத்துக்கங்க. பச்சரிசியை ஊற வச்சு, வடிகட்டி, நிழல்ல துணி விரிச்சு உலர்த்தணும். முழுசா காயக்கூடாது, கையில பிடிச்சா ஈரம் தெரியணும். அந்தப் பதத்துலேயே மில்லுக்கு ஓடணும். மழை பெஞ்சா அரிசி உலராது, கரண்ட் போனா மில் ஓடாது. அப்புறம் வெல்லப் பாகு. ஒரு சொட்டைத் தண்ணில விட்டு, விரலால உருட்டினா உருண்டை நிக்கணும், ஆனா கல்லு மாதிரி ஆகிடக்கூடாது. ஒரு நிமிஷம் முந்தினா அதிரசம் எண்ணெயில பிரிஞ்சு போகும், ஒரு நிமிஷம் பிந்தினா பல்லு போகும். ஆயாகிட்ட அளவு கேட்டேன். "பாகு சொல்லும்டா"ன்னாங்க. (சிரிப்பு) வேலையில நான் எத்தனையோ மோசமான டாக்குமெண்டேஷன் பார்த்திருக்கேன், இது வேற லெவல். கடைசில நானே தராசு வச்சு எடை போட்டேன்: ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். மாவைப் பிசைஞ்சு ரெண்டு நாள் மூடி வைக்கணும். அப்புறம் வாழையிலையில தட்டி, சுட்டு, ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சு எண்ணெயைப் பிழியணும்.

இதுல சின்னப் பிள்ளைங்களுக்கு எங்க இடம்? அக்காவுக்கு ரெண்டு பிள்ளைங்க. பொண்ணுக்கு ஆறு வயசு, பையனுக்கு நாலு. அடுப்புப் பக்கம் ரெண்டு பேரும் வரக்கூடாது, அதுல பேச்சே இல்ல. அச்சு முறுக்குல அச்சையே எண்ணெயில காய வச்சுத்தான் மாவுல முக்கணும், அதுவும் முக்கால் பாகம் மட்டும். முழுசா முக்கிட்டா முறுக்கு அச்சை விட்டுக் கழண்டு வராது. கையை உதறணும், எண்ணெய் தெறிக்கும். அது பெரியவங்க வேலை.

பிள்ளைங்களுக்குன்னே பண்ணின மாதிரி இருக்கிறது குல்குல். மைதா, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைஞ்ச மாவுல கோலிக்குண்டு அளவு எடுத்து, முள்கரண்டியோட முதுகுல அழுத்தி உருட்டினா சங்கு மாதிரி வரி வரியா சுருண்டுக்கும். முள்கரண்டி இல்லாத காலத்துல புதுச் சீப்பு. நாலு வயசுக்காரன் உருட்டினது சங்கு மாதிரி இல்ல, நசுங்கின நத்தை மாதிரி இருந்தது. எண்ணெயில போட்டா எல்லாம் ஒரே ருசிதான். இன்னொரு வேலை குடிலுக்குப் புல் வளர்க்கிறது. பழைய தட்டுல மண்ணைப் போட்டுக் கேழ்வரகைத் தூவி, பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாடியே தண்ணி தெளிக்கணும். பாலன் இயேசுவுக்கு மெத்தை. ஆடி மாசம் முளைப்பாரி போடுற அதே கை, அதே வித்தை.

மூணாவது வேலைதான் முக்கியம். தட்டு கொண்டு போறது. எங்க ஊர்ல பெரியவங்க தட்டு தூக்கிட்டுப் போனா அது ஏதோ விசேஷத்துக்குக் கூப்பிடுறது மாதிரி ஆயிடும். பிள்ளைங்க கொண்டு போனா இயல்பா இருக்கும். எவர்சில்வர் தட்டு, மேல ஒரு துணி. அந்த வீட்டுக்காரங்க பலகாரத்தை எடுத்துக்கிட்டு, தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாங்க. ஒரு கை சர்க்கரையாவது போட்டுத் தருவாங்க. தீபாவளிக்கு அவங்க தட்டு வரும், ரம்ஜானுக்குப் பாய் வீட்டுத் தூக்கு வரும். இது வரைக்கும் கேட்டா மத நல்லிணக்கத்துக்கு எடுத்த விளம்பரம் மாதிரி இருக்கும்.

ஆனா ஆயா ரெண்டு விதமான தட்டு வைப்பாங்க. ஒண்ணு, வீட்ல சுட்ட பலகாரம். இன்னொண்ணுல வாழைப்பழம், கடையில வாங்கின பிரிக்காத கேக் பாக்கெட். ரெண்டாவது தட்டு போற வீடுகள் நாங்க சமைச்சதைத் தொட மாட்டாங்க. சண்டை எதுவும் கிடையாது. "என்னம்மா, நல்லா இருக்கியா"ன்னு கேட்பாங்க, ஆயா அவங்க வயல்ல நாற்பது வருஷம் நட்டிருக்காங்க. அவங்க சாப்பிடுற அரிசியில ஆயாவோட கை படலாம், அந்த அரிசியில ஆயா சுட்ட அதிரசம் மட்டும் ஆகாது. நாங்க காலனிக்காரங்க. கிறிஸ்தவங்களா ஆகி நாலஞ்சு தலைமுறை ஆச்சு, அதுவும் ஒண்ணும் மாத்தல.

இது கோயிலுக்கு வெளிய மட்டும் இருந்த விஷயமும் இல்ல. துய்ப்ளேக்ஸ் காலத்துல துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல 1745-ல நடந்ததை எழுதியிருக்கார். அன்னைக்கு இருந்த சம்பா கோயிலுக்குள்ள, பூசை பார்க்க வர்ற கிறிஸ்தவங்களையே சாதி பார்த்துப் பிரிக்க ஒரு சுவர். ஒடுக்கப்பட்டவங்க போய் நியாயம் கேட்டாங்க, சுவரை இடிச்சாங்க, உடனே மேல்சாதிக் கிறிஸ்தவங்க பெரிய தகராறு பண்ணாங்க. அந்தக் கோயிலையே 1761-ல இங்கிலீஷ்காரன் இடிச்சுட்டான். இப்ப நாம பார்க்கிற கட்டடம் 1791-ல முடிஞ்சது. அப்புறம் 1881-ல ஒரு பிரெஞ்சு ஆணை. சொந்த சமூகத்தோட தனிநபர் சட்டத்தைத் துறந்துட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள்ள வரலாம், புதுசா ஒரு குடும்பப் பெயர் வச்சுக்கலாம். சாதியைப் பெயரோட கழட்டி வைக்க முடியும்னு நம்பி நிறைய பேர் போனாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த உத்தரவுப்படி கிறிஸ்தவரா இருந்தா பட்டியல் சாதி கிடையாது. காகிதத்துல எங்களுக்குச் சாதி இல்ல. தட்டுல இருக்கு.

2024 கிறிஸ்துமஸ்ல நடந்ததைச் சொல்றேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்துல கரையைக் கடந்தது ஞாபகம் இருக்கும். ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. அது ஓயறதுக்குள்ள சாத்தனூர் அணையில திறந்த தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்கள்ல புகுந்துடுச்சு. கதிர் வர வேண்டிய பயிர் மூழ்கிக் கிடந்தது. எங்க தெருவும் அவங்க தெருவும் ஒரே ஸ்கூல் கட்டடத்துல. ஒரே அண்டா சாம்பார் சாதம். யார் கிண்டினதுன்னு யாரும் கேட்கல. பசி அப்படி.

மூணு வாரம் கழிச்சு கிறிஸ்துமஸ். அந்த வருஷம் அரைக் கிலோ அரிசிக்குத்தான் அதிரசம். ஆயா வழக்கம் போல ரெண்டு வரிசையா தட்டு வைக்கிறாங்க. அக்கா பொண்ணு பார்த்துட்டு, "இவங்களுக்கு மட்டும் ஏன் கடை கேக்?"னு கேட்டா. ஆறு வயசு. அவளே உருட்டின குல்குல் அந்தத் தட்டுல இல்லங்கிறதுதான் அவ கவலை. ஆயா கண்ணைக்கூட நிமிர்த்தாம, "அவங்களுக்கு நம்ம எண்ணெய் ஒத்துக்காது கண்ணு"ன்னாங்க. இதே பதிலை என்கிட்டயும் சொல்லியிருக்காங்க, அக்காகிட்டயும் சொல்லியிருக்காங்க. நான் ஒன்பதாவது படிக்கிற வரைக்கும் அவங்களுக்கு ஏதோ வயித்துக் கோளாறுன்னு நம்பிட்டு இருந்தேன்.

அக்கா விடல. "ஆயா, நாமே ஏன் பிரிச்சு வைக்கணும்? எல்லாருக்கும் ஒரே தட்டு. வேணாம்னா அவங்க வாயால சொல்லட்டும்." ஆயாவுக்குக் கோபம். "நீ சொல்லிட்டு ஊருக்குப் போயிடுவ. தட்டு எடுத்துட்டுப் போறது குழந்தை. வாசல்ல வச்சு அவகிட்ட வேணாம்னு சொன்னா அவ மூஞ்சி என்ன ஆகும்?"

ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, அதனாலதான் இது கஷ்டம். ஆயா சொல்ற பொய் ஒரு கவசம். அந்தக் கவசத்தோட விலை, அவமானப்படுத்துறவங்களுக்கு வேலையே இல்லாம நாமே முன்கூட்டி அதைச் செஞ்சு முடிச்சுடுறோம். எனக்கு அக்கா பக்கம்தான். ஆனா குழந்தையைத் தனியா அனுப்பக் கூடாதுங்கிறதுல ஆயா பக்கம். கடைசில அப்படித்தான் முடிவாச்சு. ஒரே மாதிரி தட்டு, பிள்ளைங்களோட அக்காவும் நானும் போனோம்.

அந்த வீட்டு மருமகள் வந்தாங்க. தட்டை ஒரு செகண்ட் பார்த்தாங்க. உள்ள எடுத்துட்டுப் போயிட்டு, சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. "நீயா செஞ்ச?"ன்னு பாப்பாகிட்ட கேட்டாங்க. அவ அந்த நசுங்கின நத்தை தம்பி செஞ்சதுன்னு காட்டிக் கொடுத்தா. அவ்ளோதான். சாப்பிட்டாங்களா, இல்ல மாட்டுத் தொட்டியில போட்டாங்களா, எங்களுக்குத் தெரியாது. இன்னொரு வீட்ல "சுகர் இருக்கு, எண்ணெய்ப் பலகாரம் வேணாம்"னு வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அந்த வீட்ல நிஜமாவே ரெண்டு பேருக்குச் சுகர். அதனால அதையும் என்ன கணக்குல எழுதுறதுன்னு தெரியல. திரும்பி வர்ற வழியில அக்கா பாப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னா. ரொம்ப இல்ல. "சில பேர் நம்ம வீட்டுச் சாப்பாட்டை சாப்பிட மாட்டாங்க. தப்பு நம்ம மேல இல்ல." பாப்பா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப நம்ம ஸ்கூல்ல சாப்பிட்டாங்களே"ன்னா. புயல் அப்போ இருந்த ஸ்கூலைச் சொல்றா.

இந்த வருஷத்துக்கு வருவோம். ஆயாவுக்கு முழங்கால் வலி, அடுப்பு முன்னாடி ரொம்ப நேரம் உட்கார முடியாது. அதனால பாகு பதம் பார்க்கிறது ஆயா, சட்டி அக்கா, மில்லுக்கு ஓடுறது நான். பாப்பாவுக்கு ஏழு வயசாச்சு, அச்சு முறுக்கு நான் பண்றேன்னு அடம். இன்னும் மூணு வருஷம் போகட்டும்னு சொல்லி வச்சிருக்கோம். கேழ்வரகு தூவியாச்சு, முளை வந்துடுச்சு. மொத்தம் 14 வீடு, 14 தட்டும் ஒரே மாதிரி. ஆயா மட்டும் ஒரு சீப்பு வாழைப்பழம் தனியா வாங்கி அலமாரியில வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டா, "இருக்கட்டும்"கிறாங்க.

உங்க ஊர்ல, உங்க அபார்ட்மெண்ட்ல, பண்டிகைத் தட்டு எந்த வாசல் வரைக்கும் போகுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கிறேன். அதிரசம் பண்றவங்க மாவை 22-ந் தேதிக்குள்ள பிசைஞ்சுடுங்க. மழை இருக்குன்னு சொல்றாங்க, அரிசியை ஃபேனுக்கு அடியில உலர்த்துங்க.