நைனிதால் ஏரியின் தட்பவெப்பமும் நம்மவர் நீச்சலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பேச வல்லவர்கள் நம்மிடையே பலர் இருக்க, ரெயில்வே குமாஸ்தாவாகிய என்னைச் செயலாளர் அவர்கள் அழைத்ததற்குக் காரணம் ஒன்றே. பரீட்சை முடிந்ததும் மார்ச்சு மாதக் கடைசியில் நம் காலனிக் குடும்பங்கள் நைனிதாலுக்கு உல்லாசப் பயணம் செல்லவிருக்கின்றன. அந்த ஏரியில், அதே மாதத்தில், ஒருமுறை முழுகிப் பிழைத்தவன் நான். "அதையே சொல்லுங்கள்" என்றார். இலக்கிய நயத்தை என்னிடம் எதிர்பார்க்க வேண்டா.

காத்கோதாம் நிலையத்தில் இறங்கி மலைப்பாதையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் சென்றால் நைனிதால். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,940 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஏரி, நம் பக்கத்துப் பெரிய கண்மாய்களோடு ஒப்பிட்டால் சிறியதே. நீளம் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அகலம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஆழமோ மிகுந்த இடத்தில் சுமார் 27 மீட்டர். ஓங்கி வளர்ந்த பனைமரமும் உள்ளே மறைந்துவிடும். சுற்றிலும் மலைச்சரிவு, நீருக்குள்ளும் அச்சரிவே தொடர்கிறது. நம் ஊர்க் குளத்தில் முழங்கால், இடுப்பு, மார்பு என்று படிப்படியாக இறங்குகிறோமே, அந்தச் சலுகையை இங்கே எதிர்பார்க்கலாகாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் உறவினர் இரு குடும்பத்தாருடன் அங்கே படகில் சென்றேன். நண்பகல், உச்சந்தலையில் வெயில் காய்ந்தது, கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தேன். ஒரு குழந்தையின் தொப்பி காற்றில் பறந்து நீரில் விழுந்தது. நானோ திருவையாற்றுப் படித்துறையில் நீந்திப் பழகியவன். ஆடிப் புதுவெள்ளத்திலும் இறங்கியவன் என்ற கர்வம் உடையவன். ஒரு கணமும் யோசியாமல் குதித்தேன்.

நீர் உடம்பில் பட்டதும் என்னையறியாமல் வாய் திறந்தது. மூச்சு உள்ளே பாய்ந்தது. மூச்சோடு தண்ணீரும் சென்றது. மேலே வந்து கூவ முயன்றேன், குரல் எழவில்லை. நாய் இரைப்பதுபோல் மூச்சு இரைத்தது. படகு இரண்டு பாகத் தொலைவில் இருந்தது. காவிரியைக் கடந்த கைகள் அந்த இரண்டு பாகத்தைக் கடக்க மறுத்தன. படகோட்டி நீரில் குதிக்கவில்லை. அமர்ந்தபடியே துடுப்பை நீட்டி, "நீந்தாதே, இதைப் பிடித்துக்கொள்" என்று அதட்டினார். பிடித்தேன். பின்னர் அதே துடுப்பால் தொப்பியையும் அவர் எடுத்துக் கொடுத்தார். அன்று எனக்கு உண்டான வெட்கம் குளிரைவிடப் பெரிது.

வெயில் அவ்வளவு காய்ந்தும் தண்ணீர் ஏன் அப்படி இருந்தது? இதை அறிய நாம் புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. மார்கழி விடியற்காலையில் ஊர் ஆற்றில் இறங்கினால் தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். காற்று விரைவில் குளிர்கிறது, தண்ணீர் மெதுவாகவே குளிர்கிறது, மெதுவாகவே சூடேறுகிறது. ஏரி, சென்ற பருவத்தின் கணக்கை இந்தப் பருவத்திலும் முன்கொண்டு வருகிறது. ஆகவே அக்டோபரில் கரையில் குளிர்ந்தாலும், கோடையின் வெப்பம் நீரில் மிச்சமிருக்கும். மார்ச்சில் கரையில் வெயில் காய்ந்தாலும் நீரில் தை மாதம் இன்னும் தீர்ந்திராது. இரண்டிலும் நம்மை ஏமாற்றுவது மார்ச்சுதான்.

அளவுகளைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் அந்த ஏரியின் மேல்நீர் சுமார் 8 முதல் 10 டிகிரி சென்டிகிரேட். மார்ச்சில் ஏறத் தொடங்கினாலும் 15 டிகிரிக்குக் கீழேதான் நிற்கும். கோடையின் உச்சத்தில் 23, 24 டிகிரிவரை வரும். நீச்சற் போட்டிக் குளங்களுக்குச் சர்வதேச விதி 25 முதல் 28 டிகிரி. திறந்த நீர்நிலைப் போட்டிகளை 16 டிகிரிக்குக் கீழே நடத்துவதே இல்லை. பயிற்சி பெற்ற வீரர்களுக்கே வரம்பு இது.

கோடையிலும் அந்த வெப்பம் மேலடுக்கில் மட்டுமே. ஊர்க் கிணற்றில் முக்குளித்தவர்களுக்கு இது தெரியும். மேலே இதமாக இருக்கும் தண்ணீர், காலடியில் சில்லென்று இருக்கும். வெந்நீர் இலேசானது, தண்ணீர் கனமானது, இரண்டும் எளிதில் கலப்பதில்லை. குளிர்காலத்தில் மேல்நீரும் அடிநீர் அளவுக்குக் குளிர்ந்த பின்னரே ஏரி முழுதும் ஒருமுறை கலந்து புரளும். பல மாதம் அடியில் கிடந்து பிராணவாயு இழந்த நீர் அப்போது மேலே வருவதால் மீன்கள் செத்து மிதப்பதுண்டு. அதைத் தடுக்கவே 2007ஆம் ஆண்டு முதல் ஏரியின் அடியில் குழாய் வழியாகக் காற்றுச் செலுத்துகிறார்கள். நகரத்தின் கழிவு சேராதிருந்தால் இந்தச் செலவே பெருமளவு தேவைப்பட்டிராது என்பது என் கருத்து. அந்நகரத்தார் குடிப்பதும் அந்த ஏரியின் நீரையே. இதை எண்ணினாலே அதில் குளிக்கும் ஆசை நமக்கு வரலாகாது. பீம்தால், சாத்தால் ஆகியவை இன்னும் தாழ்ந்த உயரத்தில் இருப்பதால் சற்றே வெதுப்பானவை; ஆயினும் மார்ச்சில் அவற்றையும் நம்ப வேண்டா.

குளிர்ந்த நீரில் விழுந்தவர் விறைத்துச் சாகிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். வளர்ந்தவர் உடம்பின் உள்வெப்பம் அபாய அளவுக்கு இறங்க அரைமணி நேரமாவது ஆகும். உயிர்கள் பெரும்பாலும் அதற்கு முன்பே போகின்றன. முதல் ஓரிரு நிமிடத்தில் வருவது எனக்கு வந்த மூச்சுத் திணறல். அந்நேரத்தில் தலை நீருக்குள் இருந்தால் அவ்வளவுதான். அதைக் கடந்தாலும் பத்து நிமிட அளவில் விரல்களும் கைகால்களும் சொன்னபடி கேளா. நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான்; தெரியாதவர் கரையில் நிற்கிறார், தெரிந்தவரே குதிக்கிறார். என் பாட்டி குளிக்கும்போது முதலில் காலில் தண்ணீர் விட்டுக்கொள்ளச் சொல்வாள். அதை நான் மூடநம்பிக்கை என்று சிரித்ததுண்டு.

ஆகவே பயணம் போகிறவர்கள் தயைகூர்ந்து கேளுங்கள். படகில் லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் அணியுங்கள்; அணிந்தால் போதாது, வாரையும் கட்டுங்கள். தவறி விழுந்துவிட்டால் முதலில் நீந்த முயலாதீர்கள். மல்லாந்து மிதந்து, மூச்சு நிதானப்படும்வரை காத்திருங்கள். பிறகு படகைப் பற்றுங்கள். விழுந்தவரைக் காப்பாற்ற மற்றொருவர் குதிக்கலாகாது. துடுப்போ கயிறோ, அம்மா ஒருவரின் புடவையோகூடப் போதும். கரையேற்றியபின் ஈர உடையைக் களைந்து கம்பளியால் போர்த்துங்கள். நினைவு இருந்தால் மட்டும் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டா. சாராயம் சூடு தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டா. அது உடம்பின் வெப்பத்தை வெளியேற்றும். குழந்தைகள் நம்மைவிட விரைவில் குளிர்ந்துவிடுவார்கள். நடுக்கம் நின்றுவிட்டால் சரியாகிவிட்டது என்று எண்ணாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் ஆளுக்கொரு மாற்றுடையும் வீட்டுக்கொரு கம்பளியும் கொண்டு வருமாறு செயலாளர் அறிவிக்கச் சொன்னார். குழந்தைகளின் தொப்பிகளுக்கு நாடா தைத்துவிடும்படி நான் என் பங்குக்குக் கேட்டுக்கொள்கிறேன்.