டெக்கோராவின் தோட்டங்களும் இரண்டு உறைபனிகளும்

ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், அயோவா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில், மேல் அயோவா ஆற்றங்கரையில் டெக்கோரா என்னும் சிறுநகர் அமைந்திருக்கின்றது. அங்கே வாழ்வோர் தொகை 8,000 இற்கும் குறைவு. அந்நிலத்திற்கு முன்னர் உரியவராயிருந்த ஹோ-சங்க் மக்களின் தலைவர் ஒருவரது பெயரே ஊருக்கும் பெயராயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோர்வே நாட்டவர் பெருந்தொகையாக வந்து குடியேறினர். இன்றும் வீட்டின் பின்புறத்திற் காய்கறித் தோட்டம் வைத்திருப்போர் அவ்வூரிற் பலர்.

அத்தோட்டக்காரர் யாவரும் மனத்தில் வைத்திருப்பவை இரண்டு திகதிகள். இளவேனிலிற் கடைசி உறைபனி விழும் நாள் ஒன்று. இலையுதிர் காலத்தில் முதல் உறைபனி விழும் நாள் மற்றொன்று. முன்னையது பெரும்பாலும் மே மாதத்தின் முற்பாதியில் வருவது. பின்னையது செப்டெம்பர் இறுதியிலோ ஒக்டோபர் தொடக்கத்திலோ வருவது. இடையிற் கிடைப்பவை ஏறத்தாழ 140 நாள்கள். தக்காளி, போஞ்சி, பூசணி, வெள்ளரி, சோளம் யாவும் முளைத்து வளர்ந்து பூத்துக் காய்த்து முற்றுவதற்கு அவ்வளவே தவணை. மழையை எண்ணிப் பயிரிட்டுப் பழகியோருக்கு இது புதுமையாகத் தோன்றும். டெக்கோராவில் மழைக்குப் பெருங்குறைவில்லை. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 35 அங்குலம் பெய்கின்றது. அதிற் பெரும்பங்கு பயிர் வளரும் மாதங்களிலேயே பெய்கின்றது. குறைவது நாள்களே.

வட துருவத்திலிருந்து மெக்சிக்கோ வளைகுடா வரையும், குளிர்காற்றையோ வெப்பக்காற்றையோ தடுத்து நிறுத்தத்தக்க மலைத்தொடர் குறுக்கே ஒன்றுமில்லை. வெப்பநிலையைச் சமன்செய்யும் கடலும் அண்மையில் இல்லை. ஆதலால் அயோவாவிற் குளிரும் கடுமை, கோடையும் கடுமை. டெக்கோராவுக்குத் தென்கிழக்கே உள்ள எல்கேடர் என்னும் ஊரில் 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆம் நாள் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 43.9 செல்சியஸ் பாகை வரை இறங்கிற்று. அதே மாநிலத்தின் தென்கிழக்கு முனையிலுள்ள கியோக்கக் நகரில் 1934ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 47.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. ஒரே மாநிலத்தில் 90 பாகைக்கும் மேற்பட்ட வேற்றுமை!

ஆயினும் தோட்டக்காரர் அஞ்சுவது பெப்ரவரி மாதத்துக் கொடுங்குளிருக்கு அன்று. அப்பொழுது தோட்டத்தில் அழிவதற்கு ஒன்றுமில்லை. அவர் அஞ்சுவது மே மாத நடுவில் வரும் ஓர் அமைதியான இரவுக்கே. முகிலற்ற வானம், அசையாத காற்று, இரண்டும் கூடிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துவிடுகின்றது. நிலத்தை ஒட்டிய காற்றுக் குளிர்ந்து கனத்து, நீர்போலச் சரிவு வழியே பள்ளத்தாக்கை நோக்கி வழிகின்றது. ஆகவே மேட்டில் இருப்பவரின் தக்காளி பிழைத்திருக்க, ஆற்றோரத்தில் இருப்பவரின் தக்காளி காலையிற் கருகிக் கிடப்பதுண்டு. இலையினுள்ளே நீர் உறைவதால் அதன் கலங்கள் சிதைகின்றன. வெயில் ஏறியதும் செடி வெந்த கீரைபோலத் துவண்டுவிடும்.

பள்ளமும் மேடும் டெக்கோராவுக்குச் சிறப்பானவை. நடுமேற்குப் பகுதியின் பெருநிலம் பண்டைப் பனியாறுகளால் தேய்க்கப்பட்டுச் சமனாயிற்று. இம்மூலையைக் கடைசிப் பனியாறுகள் தொடாமல் விட்டன. அதனாற் சுண்ணக்கற் பாறைகளும், ஆழ்ந்த பள்ளத்தாக்குகளும், ஊற்றுகளும் நிறைந்துள்ளன. நகரின் அருகே ஒரு பனிக்கட்டிக் குகையும் உண்டு. குளிர்காலத்துக் குளிரைப் பாறை தன்னுள் வாங்கி வைத்துக்கொள்ளும். இளவேனிலில் வெண்பனி கரைந்த நீர் உள்ளே கசிந்து அக்குளிரில் உறையும். வெளியே பட்டாணி கொடியேறும் வேளையிற் குகையினுள்ளே சுவரெல்லாம் பனிக்கட்டி வளர்ந்து நிற்கும். நாள்காட்டி கோடை என்று சொன்னாலும் நிலம் குளிர்காலத்தை உடனே மறப்பதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வேலை மார்ச் மாதத்திலேயே வீட்டினுள்ளே தொடங்குகின்றது. சன்னலோரத்திலோ மின்விளக்கின் கீழோ சிறு தட்டுகளில் தக்காளியும் மிளகாயும் முளைக்கவைக்கப்படும். கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு முன் விதைப்பதே வழக்கம். ஏப்ரிலில் மண்ணைத் தொட இயன்றதும் பட்டாணி, முள்ளங்கி, பசளை முதலியன வெளியே விதைக்கப்படும். இவை இலேசான உறைபனியைத் தாங்கவல்லவை. வீட்டினுள் வளர்ந்த நாற்றுகளையோ உடனே வெளியில் நடலாகாது. முதல் நாள் ஒரு மணிநேரம், மறுநாள் இரண்டு மணிநேரம் என்று காற்றுக்கும் வெயிலுக்கும் அவற்றைப் பழக்கவேண்டும். இவ்வேலையில் அவசரப்பட்டவர்கள் ஒரு பிற்பகலிலேயே இலைகள் வெளுத்துப்போவதைக் காண்பார்கள்.

சோளம் விதைப்பதற்குப் பழைய குறி ஒன்றுண்டு: கருவாலி மரத்தின் தளிர் அணிலின் காதளவுக்கு விரிந்தால் விதைக்கலாம் என்பது. இதனை வெறும் கிழவர் பேச்சென்று தள்ளுவதற்கில்லை. மரம் தளிர்விடுவது நாள்காட்டியைப் பார்த்தன்று. அவ்வாண்டிற் சேர்ந்த வெப்பத்தைப் பொறுத்தே. மண்ணிற் சோளம் முளைப்பதும் அவ்வாறே.

ஜூன் மாதம் வந்துவிட்டால் எல்லாம் விரைவு. நீண்ட பகல் 15 மணிநேரத்துக்கும் மேலே செல்வதால், குறுகிய பருவத்தின் இழப்பிற் பெரும்பகுதியைச் சூரியனே ஈடுசெய்துவிடுகின்றது. பூசணிக் கொடி ஒரே கிழமையில் வேலியைக் கடந்துவிடும். ஆனால் இடிமழையும் இக்காலத்தில்தான். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மேல் அயோவா ஆறு பெருவெள்ளமாயிற்று. அத்தகைய வெள்ளம் ஏறி வடிந்த தோட்டத்திற் செடி பிழைத்தாலும், கழிவுநீர் கலந்த நீர் பட்ட கீரையைப் பச்சையாக உண்ணலாகாது. விதைத்ததை மீண்டும் விதைக்கவேண்டும். ஆனால் இழந்த நாள்களை மீண்டும் பெற முடியாது.

செப்டெம்பர் மாதத்து மாலைகளில் மறுபடியும் அதே கவலை. அரசாங்க வானிலை அலுவலகம் உறைபனி எச்சரிக்கை விடுத்ததும், பழைய படுக்கைவிரிப்புகளும் சாக்குகளும் தோட்டத்துக்கு வரும். மண் விடும் வெப்பத்தை அவை ஓரிரவு பிடித்து வைத்திருக்கும். தப்பாத இரவு என்று கண்டால், காயாக நிற்கும் தக்காளிகளை எல்லாம் பறித்து, பத்திரிகைத் தாளிற் சுற்றி நிலவறையில் வைப்பர். அவை மெல்ல மெல்லப் பழுக்கும். எஞ்சியவை ஊறுகாயாகும். கரட்டை மட்டும் எவரும் அவசரமாகக் கிண்டுவதில்லை. குளிர் பட்டபின் அதன் மாப்பொருளிற் சிறிது சீனியாக மாறுவதால் அதற்கு இனிமை கூடும். ஒக்டோபரிலே வெள்ளைப்பூண்டை ஊன்றி வைக்கோலால் மூடிவிட்டால், அது வெண்பனியின் கீழே கிடந்து அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும்.

இவ்வளவு குறுகிய பருவத்தில் எந்த விதையும் பயன்படாது. வேறொரு நாட்டிலே சுவைமிக்கதாயிருந்த தக்காளி இங்கே பச்சைக் காயாகவே உறைபனியிற் சிக்கலாம். எனவே முதலிற் பழுத்த நல்ல பழத்தைத் தின்னாது விதைக்கு விட்டவர்களே இத்தோட்டங்களின் உண்மையான ஆசிரியர்கள். டெக்கோராவுக்குத் தெற்கே செயின்ட் லூக்கஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஓட் என்னும் முதியவர், தம் பெற்றோர் 19ஆம் நூற்றாண்டிற் பவேரியாவிலிருந்து கொண்டுவந்த இரு விதைகளைத் தம் பேர்த்தி டயான் ஓட் வீலியிடம் கொடுத்தார். ஒன்று ஊதா நிறப் பூக்கொடி. மற்றது இளஞ்சிவப்புத் தக்காளி. நாற்று நட்டபின் 85 நாளளவில் இத்தக்காளி பழுக்கும்; மே 20இல் நட்டால் ஓகஸ்டு நடுவிலேயே பழம்; உறைபனிக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கும். முதியவர் மறைந்தபின், அவ்விதை தம்மிடம் மட்டுமே எஞ்சியிருக்கின்றது என்பதைப் பேர்த்தி உணர்ந்தார். அவரும் கணவர் கென்ட் வீலியும் 1975ஆம் ஆண்டில் மிசூரி மாநிலத்தில் விதை பரிமாறுவோர் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1986 முதல் டெக்கோராவின் அருகேயுள்ள பண்ணை அதற்கு நிலையான இடமாயிற்று.

இச்சங்கத்திற்கு விதைகள் வந்த வழியே ஒரு கதை. கரும்பச்சைத் தோலில் மஞ்சட் புள்ளிகள் நிலவும் விண்மீனும்போலத் தோன்றும் ஒரு வத்தகப்பழ வகை 1926இல் விற்பனைக்கு வந்து, பின்னர் வணிகப் பட்டியல்களிலிருந்து மறைந்தது. அழிந்ததென்றே பலர் எண்ணினர். 1980களின் தொடக்கத்தில் மிசூரியில் ஒரு குடியானவரின் நிலத்தில் அது அகப்பட்டது. இன்று அச்சங்கத்தின் சேமிப்பில் 20,000 வகைகளுக்கு மேல் உள்ளன. அவற்றைப் புதுப்பிக்கும் வேலை எளிதன்று. தேனீக்கள் ஒரு பூசணியின் மகரந்தத்தை மற்றொன்றிற் சேர்த்துவிடுமாதலால், பூ விரியுமுன்னரே அதனைக் கட்டிவைத்து, விடியற்காலையிற் கையால் மகரந்தம் சேர்த்து, மறுபடியும் கட்டிவிடுகின்றனர்.

இப்பொழுது பருவமே மாறி வருகின்றது. அமெரிக்க அரசாங்கம் 2023இல் வெளியிட்ட புதிய தாவரக் குளிர்த்தாங்கு வரைபடத்தில், நாட்டின் பாதியளவு நிலம் முன்னிருந்ததைவிட வெப்பம் கூடிய அரைப்பிரிவுக்கு மாறியுள்ளது. இதைக் கண்டு தக்காளியை ஏப்ரிலிலேயே நடலாம் என்று மகிழ்வோர் ஏமாந்துபோவர். அவ்வரைபடம் குளிர்காலத்தின் மிகக்குறைந்த வெப்பநிலையை மட்டுமே காட்டுவது. கடைசி உறைபனி எப்பொழுதென்று அது சொல்வதில்லை. 2012ஆம் ஆண்டு மார்ச்சில் நடுமேற்குப் பகுதி முழுவதும் வழக்கமற்ற வெப்பம் நிலவிற்று. பழமரங்கள் ஏமாந்து முன்னதாகவே பூத்தன. ஏப்ரிலில் உறைபனி வழக்கம்போல வந்தது. நடுமேற்கு மாநிலங்களுள் ஒன்றான மிச்சிகனில் அவ்வாண்டு அப்பிள் விளைச்சலில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது.

எனவேதான் அனுபவமுள்ள தோட்டக்காரர் தம்மிடம் உள்ள விதை முழுவதையும் ஒரே இளவேனிலில் விதைத்துவிடுவதில்லை. ஒரு பகுதியை உலர்ந்த போத்தலில் இட்டு, மூடியை இறுக்கி, வகையின் பெயரையும் ஆண்டையும் எழுதி ஒட்டி, குளிர்ந்த இருட்டறையில் வைத்துவிடுகின்றனர். மே மாதத்து உறைபனி முதல் விதைப்பைக் கொண்டுபோனால், மறுகிழமை அப்போத்தல் திறக்கப்படும்.