படம் வேண்டாம், கணக்குப் போதும்

(நோன்புப் பெருநாள் உதவிப் பணி குறித்து நமதூர் ரோட்டரி சங்கக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

  

தீபாவளிக்குப் புத்தாடை, பொங்கலுக்கு அரிசி வெல்லம் என்று வழங்கிவரும் நீங்கள், இந்த ஆண்டு நோன்புப் பெருநாளுக்கும் எங்களோடு கைகோக்க முன்வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இப்படிச் சேர்ந்து உழைப்பது புதிதல்ல. 1905-ல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கிய உங்கள் இயக்கம், 1985 முதல் போலியோவை ஒழிப்பதைத் தன் பெரும் பணியாக எடுத்துக்கொண்டது. உத்தரப்பிரதேசத்தில் சொட்டு மருந்தைப் பற்றி முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றில் அச்சம் பரவியபோது, உலமாக்களின் துணையை நாடினீர்கள். அவர்கள் எடுத்துச் சொன்னார்கள்; கதவுகள் திறந்தன. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. முகாமில் உட்கார்ந்து காத்திருந்தால் மட்டும் அது நடந்திருக்காது. தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

பெருநாள் உதவியும் அப்படித்தான் போக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

நாங்களே இதில் தவறியவர்கள்தாம். சில ஆண்டுகளுக்கு முன் மண்டபத்தில் பேனர் கட்டி, ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்து, அரிசிப் பையைக் கொடுத்துப் படமெடுத்தோம். வரிசையில் நின்ற ஒரு சகோதரி, கணவர் சம்பாதித்த காலத்தில் தன் கையால் ஃபித்ரா கொடுத்தவர். முந்தானையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். படம் நம் இதழில் வந்தது. மறு ஆண்டு அவர் வரவில்லை. விசாரிக்கப் போனோம். “கூடப் படிக்கிற பிள்ளைங்க அந்தப் படத்தைப் பார்த்துட்டு எம் மகள்ட்ட கேட்டிருக்காங்க அண்ணே. இனி எங்களுக்கு வேணாம்” என்றார்.

கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டியும் மனம் நோகச்செய்தும் பாழாக்கிவிடக் கூடாது என்று குர்ஆன் எச்சரிப்பதை மதரஸாவில் ஓதியவர்கள் நாங்கள். வெளிப்படையாகக் கொடுப்பதும் நன்றே, ஏழைகளுக்கு மறைவாகக் கொடுப்பது அதைவிட நன்று என்பதும் அதே அல்பகரா அத்தியாயத்தின் போதனை. ஓதியது ஒன்று, செய்தது வேறாகிவிட்டது.

ஃபித்ராவின் நோக்கமே பெருநாளன்று ஏழை எவரும் கையேந்தக் கூடாது என்பது. பச்சிளங்குழந்தை உட்பட வீட்டில் ஆளுக்கு ஒரு ஸாவு. எங்கள் ஜமாஅத்தில் 2.5 கிலோ அரிசி என்று கணக்கிடுகிறோம். ஐந்து பேர் உள்ள வீட்டிலிருந்து 12.5 கிலோ. பெருநாள் தொழுகைக்கு முன் அது உரியவரிடம் சேர்ந்தாக வேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள்.

ஒன்று, மேடை வேண்டாம். அந்தந்தத் தெருவில் அறிமுகமான இருவர், இரவில், வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வரட்டும்.

இரண்டு, துணியைப் பெருநாளுக்கு முந்தின நாள் கொடுத்துப் பயனில்லை. நோன்பு இருபது ஆகிவிட்டால் தையற்காரர் புதுத் துணி வாங்கமாட்டார். பதினைந்தாம் நோன்புக்குள் தையற்கூலியோடு சேர்த்துக் கொடுப்போம்.

மூன்று, முகங்களைப் படமெடுக்க வேண்டாம். ஆண்டறிக்கைக்குப் படம் தேவை என்பீர்கள். வெளிநாட்டு அன்பர்கள் எங்களிடமும் கேட்கிறார்கள். அரிசி மூட்டையைப் படமெடுப்போம், கடை ரசீதைப் படமெடுப்போம். எத்தனை குடும்பம், எத்தனை கிலோ, என்ன விலை என்ற கணக்கை உங்களில் இருவரும் எங்களில் இருவரும் சரிபார்த்துக் கையொப்பமிடட்டும். நன்கொடையாளருக்குச் சேர வேண்டியது கணக்கு. ஏழையின் முகம் அல்ல.

ஜகாத்துக்கும் ஃபித்ராவுக்கும் மார்க்கம் வகுத்த வரம்பு உண்டு; அவற்றைத் தனிக் கணக்கில் வைப்போம். உங்கள் நிதியும் எங்கள் பொது ஸதக்காவும் எல்லாச் சமயத்து ஏழை வீடுகளுக்கும் போகட்டும்.

அந்தச் சகோதரியின் வீட்டுக்கு இந்த முறை நாங்களே போகிறோம், இன்ஷா அல்லாஹ். கையில் கேமரா இருக்காது. அவர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.