வேலைநிறுத்தத்துக்கு முன் ஒரு மேசை
(திருகோணமலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறை குறைந்ததென்று தோட்டத்தில் அரைப்பேர் போட்டால் என்ன செய்வோம்? இங்கே துறைமுகப் பக்கம் தனியார் கம்பனியில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கு மேலதிக வேலைக் காசு குறைந்தால்? நிர்வாகத்தோடு பேசியும் முடியாவிட்டால் வேலைநிறுத்தம் நமது உரிமைதான். ஆனால் முதலில் அடுப்பு அணைவது நம் வீட்டில். அதற்கு முன் ஒரு வழி உண்டு.

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டப்படி, தொழில் ஆணையாளர் இரு தரப்பையும் அழைத்து இணக்கப் பேச்சுக்கு ஏற்பாடு செய்யலாம். அதை நடத்தும் அதிகாரி நம் ஆளுமல்ல, துரையின் ஆளுமல்ல. தீர்ப்பும் சொல்லமாட்டார், இருவரும் ஒத்துக்கொள்ளும் இடத்தைத் தேடுவார். உடன்பாடு கண்டால் எழுதிக் கையெழுத்திடுவோம். அது வேலை ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடும். துரை மாறினார் என்பதற்காகச் செல்லாமல் போகாது.

இணக்கம் வராவிட்டால் பிணக்கு நடுத்தீர்ப்புக்குப் போகலாம். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் மட்டும் சட்டம் குறித்த தவணைக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். பேச்சு நடக்கிறதே என்று அந்தத் தவணையை விட்டுவிடக் கூடாது.

சம்பளச் சிட்டை, நிறைக் குறிப்பு, நிர்வாகத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துவோம். வாய்ச்சொல்லை மறுப்பார்கள்; சிட்டையை மறுப்பது கடினம்.

யாரும் தனியாகப் போகவேண்டாம். தோட்டத் தலைவரிடம், தலைவியிடம் சொல்லுங்கள். சேர்ந்தே போவோம்.