நிவாரணத் தொகையும் பெயர்ப் பட்டியலும்



2020ஆம் ஆண்டுக் கொரோனாத் தொற்றின்போது வடசென்னையில் நிகழ்ந்தது ஊராட்சிகளுக்கும் பாடமாகும். ஊரடங்கினால் காசிமேட்டுப் படகுகள் கரையில் நின்றன. தினக்கூலி பெறுவோர் வேலையிழந்தனர். மே மாதத்தில் மாநகராட்சி மண்டலங்களுள் இராயபுரத்திலேயே தொற்று மிகுந்திருந்தது.

அரிசி பெறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு அரசு ரூ. 1,000 வழங்கியது, அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் விலையின்றி அளித்தது. சூன் மாதத்தில் ஊரடங்கு மீண்டும் இறுகிய சென்னைக்கும் அண்டைப் பகுதிகளுக்கும் இன்னுமோர் ஆயிரம் கிடைத்தது. எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. ரூ. 5,000 கோரியது, 2021இல் ஆட்சிக்கு வந்ததும் இரு தவணைகளில் ரூ. 4,000 வழங்கியது.

தொகை எவ்வளவு என்பதே அரசியல் மேடைகளில் பெருவழக்காயிற்று. ஆயின், அட்டையே இல்லாதவருக்கு ஆயிரமும் நாலாயிரமும் ஒன்றே. எண்ணூர், திருவொற்றியூர்த் தொழிற்பகுதியில் உழைத்த வெளிமாநிலத்தார் பலரிடம் இம்மாநில அட்டை இல்லை. அவர்களுக்கு அரிசியும் பருப்பும் அளிக்கத் தனியே கணக்கெடுக்க நேர்ந்தது. கணக்கு முடியும்வரை பசி காத்திராது!

வெள்ளம் வந்தபின் கரை கட்ட இயலுமா? புதிதாய்க் குடும்பம் அமைத்தோர், தனித்து வாழும் மகளிர், செங்கற்சூளைக்கு வந்து தங்கியோர் ஆகியோருள் அட்டையில்லாதார் யாவர் என்பதைக் கிராம சபைதோறும் கேட்டெழுதி, வட்ட வழங்கல் அலுவலருக்கு அனுப்புங்கள். எக்கட்சி ஆளினும், எத்தொகை அறிவிப்பினும், பட்டியலில் பெயர் இருந்தால்தான் அது அடுப்படி வந்து சேரும்.