இடக்கை உறுதிமொழி: டேனியல் இனோயேயும் ஹவாய் அரசியலும்

இனோயே குடும்பம் அமெரிக்க மண்ணுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு தீ விபத்து. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜப்பானின் ஃபுகுவோகா வட்டாரச் சிற்றூர் ஒன்றில் அவர்கள் வீட்டில் பிடித்த தீ அக்கம்பக்கத்து வீடுகளையும் எரித்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கூடி இழப்பீட்டை முடிவு செய்தார்கள். அமெரிக்கப் பணத்தில் அது 400 டாலர். உள்ளூரில் உழைத்து அடைக்கக்கூடிய தொகை அல்ல அது. மூத்த மகன் அசாகிச்சி, மனைவியையும் நான்கு வயது மகன் ஹியோதாரோவையும் அழைத்துக்கொண்டு ஹவாயின் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார். மாதச் சம்பளம் 10 டாலர். கடனைத் தீர்த்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. கடன் தீர்ந்தபோது குடும்பம் ஹவாயில் வேர்பிடித்துவிட்டது.

ஹியோதாரோவின் மகன்தான் டேனியல் கென் இனோயே. 1924 செப்டம்பர் 7 அன்று ஹொனலுலுவில் பிறந்தார். 2012 டிசம்பர் 17 அன்று மறைந்தார். இரண்டாம் உலகப் போரில் வலக்கையை இழந்த படை அதிகாரி. ஹவாய் மாநிலமானபோது அதன் முதல் மக்கள் பிரதிநிதி. பிறகு ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவாக அமெரிக்க செனட் உறுப்பினர். அவருடைய போர்க்கள வீரத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த வீரச்செயல் ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதன்பின் வந்த அரசியல் வாழ்க்கை 58 ஆண்டுகள். இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு அந்த 58 ஆண்டுகளைத்தான் முதன்மையாகப் பேச விரும்புகிறது.

ஆனாலும் 1941 டிசம்பர் 7ஐத் தாண்டாமல் அங்கே போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை. பதினேழு வயது டேனியல் தேவாலயத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வானொலியில் அலறல் கேட்டது. வெளியே வந்து பார்த்தால் பேர்ல் துறைமுகத்துக்கு மேலே கரும்புகை. தலைக்கு மேல் பறந்த விமானங்களின் இறக்கையில் சிவப்பு வட்டம். ஜப்பானின் சின்னம். செஞ்சிலுவைச் சங்கத்தில் முதலுதவி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த மாணவர் அவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு உதவி நிலையத்துக்கு ஓடினார். காயம்பட்டவர்களைத் தூக்கினார், பிணங்களையும் தூக்கினார்.

சில மாதங்களில் அரசு அவரையும் அவரைப் போன்றவர்களையும் 'பகை நாட்டினர்' என்று வகைப்படுத்தியது. அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமக்கள் அவர்கள். மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், 1942 பிப்ரவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின்படி வீடு, கடை, வயல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனார்கள். ஹவாயில் அப்படி மொத்தமாக அடைக்க முடியவில்லை. மக்கள்தொகையில் மூன்றில் ஒருவர் ஜப்பானிய வம்சாவளி; அவர்களை எடுத்துவிட்டால் தோட்டமும் ஓடாது, துறைமுகமும் ஓடாது. அங்கே ராணுவச் சட்டம் வந்தது, சந்தேகம் வந்தது, குடும்பத் தலைவர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டார்கள்.

1943இல் ராணுவம் மனம் மாறியது. பெரும்பாலும் ஜப்பானிய வம்சாவளி இளைஞர்களைக் கொண்ட ஒரு படைப்பிரிவு, 442ஆவது ரெஜிமென்ட், உருவானது. ஹவாயிலிருந்து 1,500 பேர் போதும் என்றார்கள். ஏறத்தாழ 10,000 பேர் வரிசையில் நின்றார்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவராகும் கனவோடு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்த இனோயேயும் அந்த வரிசையில் இருந்தார்.

மிசிசிப்பி மாநிலத்தின் ஷெல்பி பயிற்சி முகாமில் நடந்த ஒன்றை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹவாய்ப் பையன்களுக்கும் அமெரிக்கப் பெருநிலத்துப் பையன்களுக்கும் அங்கே ஒத்துப்போகவில்லை. கலகலப்பும் கைவீசிச் செலவழிக்கும் பழக்கமும் தீவுக்காரர்களுக்கு. மற்றவர்கள் வாய்திறக்காமல், காசை எண்ணி எண்ணிச் செலவழித்தார்கள். தினமும் கைகலப்பு. ஒரு நாள் தீவுக்காரர்களை ஒரு விருந்துக்கென்று பேருந்தில் ஏற்றி ஆர்கன்சா மாநிலத்துக்கு அனுப்பினார்கள். பாட்டும் கூத்துமாகப் போன பேருந்து நின்ற இடம் ஒரு தடுப்பு முகாம். சுற்றிலும் முள்வேலி, காவல் கோபுரம், துப்பாக்கி. உள்ளே இருந்தவர்கள் தங்களோடு பயிற்சி பெறும் வீரர்களின் தாய் தகப்பன், தம்பி தங்கை. அந்த முகாம்களிலிருந்தும் இளைஞர்கள் படையில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் எண்ணி மிச்சம்பிடித்த பணம் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் ஒருவரும் பாடவில்லை. அந்த வேலிக்குள் இருந்திருந்தால் நான் படையில் சேர்ந்திருப்பேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டதாக இனோயே சொல்வார். இருபது வயதைக்கூட எட்டாத ஒருவர் கேட்ட இந்தக் கேள்வி அவருடைய அரசியலுக்கு அடித்தளம் என்பது இந்தச் சொற்பொழிவின் கருத்து.

இத்தாலியிலும் பிரான்சிலும் 442 போரிட்டது. பிரான்சின் வோஜ் மலைக்காட்டில் ஜெர்மானியரிடம் சிக்கிய டெக்சாஸ் பட்டாலியன் ஒன்றின் 211 பேரை மீட்பதற்காக, காயமும் சாவுமாக ஏறத்தாழ 800 பேரை இழந்தது. படைத்தலைமை அந்த உயிர்களை எவ்வளவு மலிவாக மதித்தது என்ற கேள்வி இன்றும் எழுகிறது. எழவும் வேண்டும்.

1945 ஏப்ரல் 21. இத்தாலியின் சான் தெரென்சோ அருகே ஒரு மலைமுகடு. இருபது வயது லெப்டினன்ட் இனோயே தம் பிரிவை நடத்திப் போனார். வயிற்றில் குண்டு பாய்ந்தது, நிற்கவில்லை. எந்திரத் துப்பாக்கி அரண்களில் இரண்டைத் தகர்த்தார். மூன்றாவதை நெருங்கி, ஊசி கழற்றிய கையெறி குண்டோடு வலக்கையை ஓங்கியபோது எதிரி சுட்ட எறிகுண்டு முழங்கையில் பட்டுக் கை ஏறத்தாழ அறுந்து தொங்கியது. விரல்கள் மட்டும் குண்டை இறுகப் பிடித்தபடி இருந்தன. உதவிக்கு ஓடிவந்தவர்களைத் தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, இடக்கையால் அந்த விரல்களிலிருந்து குண்டைப் பிரித்தெடுத்து வீசினார். அரண் சிதறியது. பதினொரு நாளில் இத்தாலியில் போர் முடிந்துவிட்டது.

மருத்துவமனைகளில் கிடந்த காலம் ஏறத்தாழ இருபது மாதம். மிச்சிகனின் பேட்டில் கிரீக் ராணுவ மருத்துவமனையில், அதே இத்தாலிப் போர்முனையில் படுகாயமடைந்த கான்சஸ் மாநிலத்துக்காரர் ஒருவர் நண்பரானார். பெயர் பாப் டோல். இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டதற்கு, சட்டம் படிப்பேன், மாநிலச் சட்டமன்றத்துக்குப் போவேன், வாய்ப்பு வந்தால் வாஷிங்டனுக்குப் போவேன் என்று திட்டம் சொன்னார் டோல். மருத்துவர் கனவை இழந்திருந்த இனோயேவுக்கு அந்தத் திட்டம் பிடித்துப்போயிற்று. கடைசியில் டோலுக்கு முன்பே வாஷிங்டன் போய்ச் சேர்ந்ததும் அவர்தான். எதிரெதிர்க் கட்சிகளில் இருந்தாலும் அந்த நட்பு சாகும்வரை குறையவில்லை.

ஊர் திரும்பும் வழியில் கலிபோர்னியாவில் ஒரு முடிதிருத்தகத்துக்குள் நுழைந்தார். சீருடை, மார்பில் பதக்கங்கள், ஒரு பக்கம் கை இல்லை. ஜப்பானியருக்கு முடிவெட்ட மாட்டோம் என்றார் கடைக்காரர். இனோயே சண்டைபோடாமல் வெளியேறினார்.

அவர் திரும்பிய ஹவாய் அப்போது மாநிலம் அல்ல. வாஷிங்டன் நியமிக்கும் ஆளுநரின் கீழிருந்த ஒரு பிரதேசம். கரும்பு, கப்பல், காப்பீடு, மொத்த வணிகம் யாவும் 'ஐந்து பெருங்குழுமங்கள்' என்று பெயர்பெற்ற நிறுவனங்களின் பிடியில். அவற்றுக்கு உகந்த குடியரசுக் கட்சியே ஏறத்தாழ அரை நூற்றாண்டாகச் சட்டமன்றத்தை ஆண்டது. ஜப்பானிலிருந்து வந்து உழைத்த முதல் தலைமுறைக்கு 1952 வரை குடியுரிமை பெறவே வழியில்லை. தோட்டத்தில் முதுகொடிந்தவர்களுக்கு வாக்கு இல்லை. அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டும் உண்டு.

அந்தப் பிள்ளைகள் போரிலிருந்து திரும்பியதும் நிலைமை மாறத் தொடங்கியது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசுக் கல்வி உதவியில் அவர்கள் வழக்கறிஞரானார்கள், ஆசிரியரானார்கள். இனோயே 1950இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வாஷிங்டனில் சட்டம் முடித்து, ஹொனலுலு அரசுத் தரப்பில் துணை வழக்கறிஞராகச் சேர்ந்தார். இன்னொரு பக்கம் துறைமுக, தோட்டத் தொழிலாளர் சங்கம் 1946இல் கரும்புத் தோட்ட வேலைநிறுத்தத்தையும் 1949இல் துறைமுக வேலைநிறுத்தத்தையும் நடத்திப் பெரும் முதலாளிகளை அசைத்திருந்தது. ஜான் பர்ன்ஸ் என்ற முன்னாள் காவல் அதிகாரி, போர்க்காலத்தில் ஜப்பானியக் குடும்பங்களை நம்பித் துணைநின்றவர், இந்த இரண்டு ஓடைகளையும் ஜனநாயகக் கட்சிக்குள் கொண்டுவந்தார். 1954 தேர்தலில் கட்சி பிரதேசச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளையும் வென்றது. ஹவாயில் அதை இன்றும் புரட்சி என்றே சொல்கிறார்கள்.

அந்தப் பிரசாரத்தில் எதிர்த்தரப்பு எடுத்த ஆயுதம் 'கம்யூனிஸ்டுகள்' என்ற பழி. இனோயே மேடையில் தம் வெற்றுச் சட்டைக்கையைக் காட்டி, பாசிஸ்டுகளை எதிர்த்து ஒரு கையைக் கொடுத்தேன், தேவையென்றால் மறு கையையும் கொடுப்பேன் என்ற பொருளில் பேசினார். காயத்தை அரசியலுக்குப் பயன்படுத்தவில்லையா என்று கேட்டால், பயன்படுத்தினார் என்பதே நேர்மையான விடை. ஆனால் அந்த வெற்றியை என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பான்மைக் கட்சித் தலைவராகப் பிரதேசச் சட்டமன்றத்தில் அமர்ந்தவருக்கு வயது முப்பது. பள்ளிக்கல்வியும் நிலவரிச் சீர்திருத்தமும் அந்தத் தலைமுறையின் முதல் அக்கறைகளாயின.

மாநிலத் தகுதிக்கு முட்டுக்கட்டை தெற்கு மாநில செனட்டர்கள். வெள்ளையர் சிறுபான்மையாக உள்ள மாநிலத்தை ஏற்க அவர்களுக்கு மனமில்லை. 1959 மார்ச்சில் சட்டம் நிறைவேறியது; ஜூன் வாக்கெடுப்பில் ஏற்பவர் எதிர்ப்பவர் விகிதம் பதினேழுக்கு ஒன்று. 1893இல் அரசியைக் கவிழ்த்துப் பறிக்கப்பட்ட தீவு இது என்பதையும், தனிநாடு என்ற தெரிவே வாக்குச்சீட்டில் இல்லை என்பதையும் ஹவாய்ப் பூர்வகுடிகள் இன்றும் சுட்டிக்காட்டுகிறார்கள். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்லக்கூடாது.

ஆகஸ்டில் புதிய மாநிலத்தின் உறுப்பினராக இனோயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் பதவியேற்க வந்தார். அவைத்தலைவர் சாம் ரேபர்ன் வழக்கமான சொற்களைச் சொன்னார்: வலக்கையை உயர்த்தி என்னோடு சொல்லுங்கள். வலக்கை இல்லை. இடக்கை உயர்ந்தது. அந்தக் கணத்தில் அவையிலிருந்த இனக்காழ்ப்பு கொஞ்சமாவது கரைந்தது என்று உடனிருந்த உறுப்பினர் ஒருவர் பிறகு பதிவு செய்தார்.

1962இல் செனட்டுக்குத் தேர்வாகி, அதிபர் தரப்பின் முறைகேட்டை ஆராய்ந்த வாட்டர்கேட் விசாரணைக் குழுவில் அமர்ந்து நாடறிந்தவரானார். 1987இல் ஈரான்-கான்ட்ரா ஆயுத பேர விவகாரத்தை விசாரித்த செனட் குழுவுக்குத் தலைமையேற்றார். 2002இல் ஈராக் போர்த் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். இவை யாவும் வரலாற்று நூல்களில் கிடைக்கும். அவரை அளக்க முகாம்வாசிகளுக்கான இழப்பீடே சரியான இடம். உடனே பணம் கேட்காதீர்கள், முதலில் ஆணையம் அமைத்து உண்மையை நாட்டின்முன் வையுங்கள் என்று அவர் சமூகத் தலைவர்களுக்கு ஆலோசனை சொன்னார். 1980இல் ஆணையம் வந்தது. இனக்காழ்ப்பும் போர் வெறியும் தலைமையின் தோல்வியுமே முகாம்களுக்குக் காரணம் என்றது அதன் அறிக்கை. 1988இல் மன்னிப்பும், உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் சட்டமாயின. சட்டம் வந்தும் பணம் வரவில்லை, முதியவர்கள் இறந்துகொண்டிருந்தார்கள். 1989இல் நிதி ஒதுக்கீட்டில் அந்தத் தொகையைக் கட்டாயச் செலவாக்கிப் பணம் போய்ச்சேர வழிசெய்ததில் இனோயேவின் பங்கு பெரிது. முகாமில் இருக்காத அவருக்கு அதில் ஒரு காசுகூட உரிமையில்லை.

ஹவாய்க்கு அவர் கொண்டுவந்த கூட்டரசு நிதியில் பெரும்பகுதி ராணுவத் தளங்களோடு பிணைந்தது. அதனால் தீவு ராணுவத்தைச் சார்ந்தே நிற்கிறது என்ற விமர்சனம் நியாயமானது. ஆனால் கடற்படை அரை நூற்றாண்டு குண்டுவீசிப் பழகிய கஹோலவே தீவை ஹவாயிடம் திருப்பித் தரவும், துப்புரவுக்கு 40 கோடி டாலர் ஒதுக்கவும் 1993இல் வழிசெய்ததும் அவரே. 1992 தேர்தலின்போது ஒரு பெண் அவர்மீது பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டு சொன்னதும், அவர் அதை மறுத்ததும், செனட்டின் ஒழுங்குக் குழு அதை முழுமையாக விசாரிக்காமல் விட்டதும் அவர் வரலாற்றின் பகுதிதான். நினைவுச் சொற்பொழிவு என்பதற்காக அதை விட்டுவிட முடியாது.

சான் தெரென்சோ வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த பதக்கம் 2000 ஜூனில்தான் கிடைத்தது, 55 ஆண்டு கழித்து. அன்று கௌரவிக்கப்பட்ட ஆசிய வம்சாவளி வீரர்கள் 22 பேர், பலர் உயிரோடில்லை.

பிலிப்பைன்ஸ் வீரர்களின் கணக்கையும் அவர் மறக்கவில்லை. அமெரிக்கக் கொடியின்கீழ் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட அவர்களுக்கு உறுதியளித்த சலுகைகளை 1946இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டத்தால் பறித்தது. ஜப்பானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு செனட்டர் அந்தத் தவறைத் தம் நாட்டின் கடனாக எடுத்துக்கொண்டு ஆண்டுக்காண்டு மசோதா கொண்டுவந்தார். 2009இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவின் தலைவரானதும் அதை நிறைவேற்றினார். அமெரிக்கக் குடிமக்களான வீரர்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000 டாலர். 63 ஆண்டுகள் தாமதமான அந்தப் பணத்தை வாங்க, போரிட்டவர்களில் மிகச் சிலரே மிஞ்சியிருந்தார்கள்.