தனித்தொட்டியில் கடல்மீன்



இராமேசுவரம் செல்லும் இரயிலில், பாம்பன் பாலத்தை எட்டுமுன் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் வரும். இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்ட நம் மக்களை, கடல் கடக்குமுன் அங்கே சில நாள் நிறுத்திவைத்துத் தொற்றுநோய் இல்லையென்று கண்ட பின்னரே அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் அதே முகாமில் வந்து அமர்ந்தது. தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறிய பின்னும், மண்டபத்தில் அதன் கிளை இயங்கி வருகின்றது. ஆரஞ்சு மேனியில் வெண்பட்டை அணிந்த கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை அங்குள்ள அறிஞர்கள் வளர்த்திருக்கின்றனர்.

அத்தகைய மீன்களை வளர்க்கும் ஆசை புனேயில் வாழும் எங்களுக்கும் உண்டாயிற்று. இந்நகரம் சஹ்யாத்திரி மலைக்குக் கிழக்கே, கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் உள்ளது. குழாய்நீரிலுள்ள குளோரினைப் போக்கி, உப்புக் கலவையைக் கரைத்து, நமக்கு வேண்டிய கடலை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். அவ்வாறு ஆக்கிய தொட்டியில் நான்கு ஆண்டுகள் மீன்கள் நலமாகவே வாழ்ந்தன.

பின்னர் ஒருநாள் மாலை இரண்டு கோமாளி மீன்களை வாங்கிவந்து, அன்றே மற்றவற்றோடு விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அவற்றின் மேனியில் வெண்மை படர்ந்தது. வெண்புள்ளி நோயென்று நாங்களாக முடிவுசெய்து, செம்பு மருந்தை ஊற்றினோம். ஒரு வாரத்திற்குள் வந்த மீனையும் இழந்தோம். இருந்த மீனையும் இழந்தோம். மருந்தின் நஞ்சால் நத்தையும் இறாலும் மடிந்தன. புதியவை நோயைக் கொணர்ந்தன என்று வீட்டில் சிலர் குறைகூறினர். நெடும்பயணத்தில் நலிந்து வந்த மீன்களின்மேல் பழி சுமத்துவது முறையன்று. பிழை இரண்டும் எங்களுடையவை. தனித்து வைக்கத் தவறினோம். நோயை இன்னதென்று அறியாமல் மருந்திட்டோம்.

தனித்தொட்டிக்குப் பெருஞ்செலவு இல்லை. மணலும் பாறையும் அதில் வேண்டா. அவை செம்பை உறிஞ்சிவிடும். பஞ்சு வடிகட்டி ஒன்று, காற்றுக் குழாய் ஒன்று, மீன் ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஆகியவை போதும். வலையும் வாளியும் தனியாக இருத்தல் வேண்டும். வந்த மீன் நான்கு முதல் ஆறு வாரம் வரை அங்கே தங்கட்டும்.

இனி, நோயை அறியும் வகையைக் காண்போம். மூன்று நோய்களை முதலில் தெரிந்துகொள்ளுதல் நலம்.

உப்புக்கல் தூவியதுபோல், எண்ணத்தக்க வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோய். கிரிப்டோகாரியான் என்னும் ஒட்டுண்ணியே அதற்குக் காரணம். அது சில நாள் மீனின் தோலில் தங்கி, பின்னர் உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டுகின்றது. கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வந்து மீனைத் தேடுகின்றன. ஆதலின் புள்ளிகள் மறைந்ததும் நோய் தீர்ந்ததென்று மகிழ்தல் கூடாது.

மேனியெங்கும் பொன்துகள் படிந்ததுபோல் நுண்ணிய பொடி தெரிந்தால் அது வெல்வெட் நோய். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் விளக்கைப் பிடித்தால் அது புலப்படும். பொடி தெரியுமுன்னரே மீன் விரைந்து மூச்சுவிடும், இரை தின்னாது, நீர் பாயும் இடத்தில் போய் நிற்கும். இந்நோய் ஓரிரு நாளிலேயே உயிரைக் கொள்ளக்கூடும்.

புள்ளியாகவோ பொடியாகவோ இன்றி, சளிபோன்ற படலம் தோலிலிருந்து உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா. கோமாளி மீனை மிகுதியாகத் தாக்குவது இதுவே. எங்கள் இல்லத்தில் வந்ததும் இதுவே என்பதைக் காலங்கடந்து அறிந்தோம்.

புனேயின் கசபா பேட்டையில், செம்புக் கொல்லர் வாழும் தாம்பட் ஆளியில் சம்மட்டி ஓசை கேட்கும். அந்தச் செம்பே முதலிரு நோய்களுக்கும் மருந்தாகின்றது. ஆனால் செம்புப் பாத்திரத்தை நீரில் இட்டுவிடலாகாது. அயனிச் செம்பு மருந்தாயின் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீன் சாகும். வேறுவகைச் செம்பு மருந்துகளின் அளவு வேறு. புட்டியிலுள்ள குறிப்பைப் பார்த்தல் வேண்டும். நீந்தித் திரியும் குஞ்சுகளையே செம்பு கொல்லும். ஆதலால் நாள்தோறும் அளந்து, 30 நாள் தொடர்தல் நன்று. செம்பு வேண்டாமென்போர், வெண்புள்ளி நோய்க்கு மட்டும், மூன்று நாளுக்கு ஒருமுறை மீனைக் கழுவி உலர்த்திய வேறு தொட்டிக்கு நான்கு முறை மாற்றுகின்றனர். கூடு வெடிக்குமுன் மீன் இடம்பெயர்ந்துவிடுகின்றது.

புரூக்லினெல்லாவிற்குச் செம்பை நம்புதல் கூடாது. பார்மலினே தக்க மருந்து. அதே வெப்பமும் அதே பி.எச். அளவும் உள்ள, காற்றூட்டிய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை வைத்தால் மூச்சுத்திணறல் சற்றுத் தணியும். பார்மலின் மனிதருக்கும் கேடானது. புற்றுநோய் விளைவிக்க வல்லது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், குறிப்பிட்ட அளவோடு மட்டும் கையாளுதல் வேண்டும். அது நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைக்குமாதலால் காற்றுக் குழாய் நன்கு இயங்கட்டும்.

பெரிய தொட்டியில் வெண்புள்ளி நோய் புகுந்துவிட்டால், எல்லா மீன்களையும் வெளியே எடுத்து மருந்திட்டு, அத்தொட்டியை மீனின்றி விட்டுவைத்தல் வேண்டும். 72 நாள் கழித்தும் கூடு வெடித்ததாகப் பதிவு உண்டாதலின், பலர் 76 நாள் காத்திருக்கின்றனர்.

இன்று எங்கள் கூடத்தில் மறுபடியும் இரண்டு கோமாளி மீன்கள் உள்ளன. ஆறு வாரம் சமையலறை ஓரத்தில் தனித்தொட்டியில் இருந்தவை அவை. நாள்தோறும் காலையில் இரை உண்கின்றனவா, செவுள்வழி மூச்சு சீராக உள்ளதா என்று பார்த்து, ஒரு நோட்டில் குறித்துவந்தோம். ஒருநாளும் மருந்து தேவைப்படவில்லை. ஏழாவது வாரம் பெரிய தொட்டியில் விட்டபோது, வீட்டுக் குழந்தைகள் அவற்றைப் பழைய நண்பர்களைப்போல் பெயர் சொல்லி அழைத்தனர்.